மேசைக்கு அந்தப் பக்கம் என்ன எழுதுகிறார்கள்?

பொறியியல் கல்லூரிகளில் ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போதே நிறுவனங்கள் வளாகத்துக்குள் வரத் தொடங்கிவிடும். ஆன்லைன் ஆப்டிட்யூட் தேர்வு, கோடிங் தேர்வு, சில இடங்களில் குரூப் டிஸ்கஷன் என்று வடிகட்டி, மிஞ்சியவர்களை நேரில் அழைப்பார்கள். அந்த நேர்காணலைப் பற்றி மட்டுமே இந்த அத்தியாயம். வீட்டின் முதல் பட்டதாரியாக, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, அரூரிலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும். ஆனால் வழி சொல்ல வீட்டில் ஆள் இல்லாதவர் அவர்.

அவருடைய பயங்கள் எனக்குத் தெரியும். என் இங்கிலீஷைக் கேட்டதும் ஒதுக்கிவிடுவார்கள் என்பது ஒன்று. பார்த்ததுமே பிடிக்க வேண்டும், அந்தத் தோரணை எனக்கு இல்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பிறகு வருவோம். முதலில், நேர்காணல் செய்பவர் என்ன நிலைமையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்போம்.

காலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக மாணவர்கள் வருகிறார்கள். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். கையில் உங்கள் ரெஸ்யூம். பக்கத்தில் ஒரு மதிப்பீட்டுத் தாள், அல்லது மடிக்கணினியில் ஒரு படிவம். அதில் சில கட்டங்கள்: அடிப்படைப் பாட அறிவு, ப்ராஜெக்ட், சிக்கலை அணுகும் விதம், சொல்லும் தெளிவு. கடைசியில் குறிப்பு எழுத இரண்டு வரி இடம். மாலையில் பேனல் கூடி உட்காரும்போது முகங்கள் எல்லாம் கலந்து போயிருக்கும். அப்போது பேசுவது அந்த இரண்டு வரிதான். "நல்ல பையன், மரியாதையாகப் பேசினான்" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். அதை வைத்து யாருக்காகவும் வாதாட முடியாது. "சென்சார் ஏன் ஒரு மாதத்தில் கெட்டுப்போனது என்று தானே கண்டுபிடித்து, சரிசெய்த விதத்தையும் சொன்னார்" என்று எழுதியிருந்தால், அந்த மாணவருக்காகப் பேனலில் ஒருவர் பேசுவார்.

நல்ல அபிப்பிராயம் என்பது இதுதான். உங்களைப் பற்றி எழுதத்தக்க ஒரு வரியை எதிரே இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு வருவது. இனி நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு வரிக்கான தயாரிப்பு.

இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் எந்த முறை, பின்னாளில் அந்த ஆள் எப்படி வேலை செய்வார் என்பதைச் சரியாகக் காட்டுகிறது என்பது கேள்வி. எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போனபடி பேசிப் பார்ப்பதைவிடத் தெளிவாக முன்னால் நின்றது. 2022இல் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் அந்தக் கணக்குகளை மறுபடி போட்டபோது பெரும்பாலான எண்கள் இறங்கின. ஆனால் இந்த முறைப்படுத்திய நேர்காணல் பட்டியலின் உச்சிக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் மதிப்பீட்டுத் தாளைக் கொண்டுவந்ததற்கு இது ஒரு காரணம். தோரணை இல்லையே என்று கவலைப்படுபவருக்கு இது நல்ல சேதி. அந்தத் தாளில் தோரணைக்குத் தனிக் கட்டம் கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில், நாம் சொல்லும் செய்தியில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று பலகையில் எழுதிப்போடுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த சோதனைகளிலிருந்து வந்த எண்கள் இவை. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்து, முகங்களின் படத்தையும் காட்டி, பேசுபவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்ற உணர்ச்சியை எதிலிருந்து ஊகிக்கிறார்கள் என்று பார்த்த சோதனை. உணர்ச்சியையும் மனப்பான்மையையும் பற்றிப் பேசும்போது தவிர வேறெங்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். ரிலே ஏன் வைத்தாய் என்ற கேள்விக்கு 55 சதவீதப் பதிலை உடம்பால் சொல்லிவிட முடியாது. இந்தக் கணக்கை நம்பி, கண்ணாடி முன்னால் புன்னகைக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு பாடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ரெஸ்யூம்: கேள்விகளை நீங்களே எழுதிக் கொடுக்கும் தாள்

ரெஸ்யூமில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்விக்கு அழைப்பு. "பைதான், ஜாவா, சி, மெஷின் லேர்னிங், ஐஓடி, கிளவுட்" என்று ஒரு வரியில் ஆறைப் போட்டால், கேட்பவர் அதில் எதை வேண்டுமானாலும் எடுப்பார். மெஷின் லேர்னிங்கில் ஒரு நாள் ஒர்க்‌ஷாப் மட்டும் போயிருந்தால் அதை அங்கே எழுதாதீர்கள். ஒரு பொய்யான வரி பிடிபட்டால், மற்ற உண்மையான வரிகளின்மீதும் சந்தேகம் விழும்.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியின் முன்னாலும் நில்லுங்கள். இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச முடியுமா? முடியும் என்றால் இருக்கட்டும். முடியாது, ஆனால் பத்து நாளில் படித்துக்கொள்ளலாம் என்றால் ஒரு குறியிட்டுப் படியுங்கள். இரண்டும் இல்லையென்றால் அடித்துவிடுங்கள். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் படித்த பாடமாக இருந்தாலும் இதே விதிதான். சான்றிதழின் பெயர் மட்டும் போதாது. அதில் நீங்கள் செய்து பார்த்த பயிற்சி ஒன்றாவது நினைவில் இருக்கவேண்டும்.

ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், திருமண நிலை, மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி எல்லாம் பழைய பயோடேட்டா பழக்கம். படிவத்தில் கேட்டிருந்தால் ஒழிய அவை தேவையில்லை. அந்த இடத்தில் ப்ராஜெக்ட்டைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதலாம்.

"உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்க"

வேலை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் முடிவாகிறது என்பது என் அனுபவம். பாடத்தில் கேட்டால் எல்லா மாணவர்களும் ஒரே புத்தகத்திலிருந்து ஒரே பதிலைச் சொல்வார்கள். ப்ராஜெக்ட் உங்களுடையது. அதைப் பற்றி அந்த அறையில் உங்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

ஈசிஇ மாணவர்கள் அடிக்கடி செய்யும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: மண்ணின் ஈரப்பதத்தைப் பார்த்துத் தானாகப் பம்ப்பை இயக்கும் கருவி. ஆர்டுயினோ ஊனோ போர்டு, ஈர சென்சார், ரிலே, சின்ன மோட்டார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடையில் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். பேனலில் இருப்பவர் இதே ப்ராஜெக்ட்டை எத்தனையோ முறை கேட்டிருப்பார். அதனால் பயப்பட வேண்டாம். பழைய ப்ராஜெக்ட்டை ஆழமாகச் சொல்பவர்தான் அவருக்குப் புதியவர்.

முதல் கேள்வி எளிதாக வரும். அடுத்தடுத்த கேள்விகளைப் பாருங்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். இங்கே தமிழில் தருகிறேன்.

"எந்த அளவுக்கு மேல போனா மண்ணு காஞ்சிருக்குன்னு முடிவு பண்ணீங்க?"

"600 சார்."

"ஏன் 600?"

பெரும்பாலான மாணவர்கள் இங்கே நின்றுவிடுவார்கள். இணையத்தில் கிடைத்த புரோகிராமில் ஒரு எண் இருந்தது, அதை அப்படியே போட்டார்கள். இதே இடத்தில் இன்னொரு மாணவி இப்படிச் சொல்கிறாள் என்று வையுங்கள்:

"ஊனோ போர்டில் 10 பிட் ஏடிசி சார், அதனால் 0 முதல் 1023 வரை எண் வரும். எங்கள் சென்சாரில் மண் காயக் காய எண் ஏறும். முதலில் நன்றாகக் காய்ந்த மண்ணில் எடுத்தோம், பிறகு தண்ணீர் ஊற்றி எடுத்தோம், இரண்டுக்கும் நடுவில் வரம்பு வைத்தோம். செம்மண்ணுக்கு வைத்த எண் எங்கள் ஊர்க் கரிசல் மண்ணுக்குச் சரியாக வரவில்லை. மண் மாறினால் மறுபடி அளக்கவேண்டும் சார்."

கேட்பவர் பேனாவை எடுக்கும் இடம் இது. அளந்தாள், இரண்டு மண்ணில் ஒப்பிட்டாள், தன் கருவியின் குறையைத் தானே சொல்கிறாள். இதற்குமேல் அவர் எவ்வளவு தோண்டினாலும் அவளுக்கு நல்லதுதான். சென்சார் எத்தனை நாள் உழைத்தது என்று கேட்டால், மின்சாரம் தொடர்ந்து ஓடியதால் மின்பகுப்பில் கம்பிகள் அரித்துவிட்டன, அளக்கும் நேரத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்ததும் சரியாயிற்று என்று சொல்லலாம். போர்டின் பின்னிலிருந்து நேராக ரிலேயை ஏன் இயக்கக்கூடாது என்றால், ஒரு பின் 20 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் கொடுக்கலாம், 5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லி ஆம்பியர் கேட்கும், அதனால் நடுவில் டிரான்சிஸ்டர் வேண்டும் என்று சொல்லலாம். சுருளில் மின்சாரம் நிற்கும் கணத்தில் எதிர்த்திசையில் எழும் மின்னழுத்தத்தை வழிவிட்டு அடக்கத்தான் டயோடு. கடையில் வாங்கிய ரிலே மாட்யூலில் இவை இரண்டும் ஏற்கெனவே இருக்கும். இருப்பது தெரியாமல் பயன்படுத்தியவர் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

சிவில் மாணவர் ஒருவர் சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு மேட்டூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலைச் சேர்த்துக் கான்கிரீட் செய்திருக்கிறார். எம் 25 என்றால் என்ன, எத்தனை கனசதுரங்களை உடைத்துச் சராசரி எடுத்தீர்கள், அளவு 150 மில்லிமீட்டரா என்ற கேள்விகள் வந்துபோகும். அவருக்கான கேள்வி, "7ஆம் நாள் வலிமை ஏன் குறைஞ்சுது?" என்பது. சாம்பல் தானாகக் கெட்டிப்படாது, சிமென்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்துதான் மெதுவாக வினைபுரியும், அதனால் 28 நாளுக்குப் பிறகும் வலிமை ஏறிக்கொண்டே போகும் என்று விளக்கத் தெரிந்தால், வலிமை குறைந்த அந்த 7ஆம் நாள் முடிவே அவருக்குச் சாதகமாகிவிடும். கம்ப்யூட்டர் சயன்ஸில் நூலக மேலாண்மை செய்தவரிடம், கடைசியாக இருக்கும் ஒரு புத்தகத்தை இரண்டு பேர் ஒரே நொடியில் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷன் பற்றிப் பாடத்தில் படித்தது எதற்கு என்று அந்தக் கேள்விக்குத் தயாராகும்போதுதான் பலருக்குப் புரியும்.

துறை எதுவானாலும் கேள்விகளின் குணம் ஒன்றுதான். ஏன் இது, ஏன் வேறொன்று இல்லை, எப்படி அளந்தீர்கள், எது உடைந்தது, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள். உங்கள் ப்ராஜெக்ட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் இவற்றை நீங்களே கேட்டுப் பதிலைத் தாளில் எழுதுங்கள். பதில் இல்லாத இடங்களில் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள்தான் உங்கள் பாடத்திட்டம்.

ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நடந்தது நடந்துவிட்டது. அதை நாமே செய்தோம் என்று மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள். மூன்றாவது கேள்வியில் நிற்கும். இரண்டு வாரம் இருந்தால், அதில் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துத் தனியாக உங்கள் கையால் மறுபடி செய்யுங்கள். சென்சாரை மட்டும் இணைத்து எண்களை எடுங்கள். ஒரு டேபிளை மட்டும் புதிதாக எழுதுங்கள். நேர்காணலில் "முழு சிஸ்டம் வெளியில் உதவி வாங்கிச் செய்தது, இந்தப் பகுதியை நான் தனியாகச் செய்து பார்த்தேன்" என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னதற்காக ஒரு மதிப்பெண் குறையலாம். அந்தப் பகுதியில் நீங்கள் சொல்லும் பதில் அதை மீட்டுவிடும்.

"நாங்க" எங்கே, "நான்" எங்கே

நம் வளர்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. செய்ததை "நான் செய்தேன்" என்று சொல்லக் கூச்சப்படுவோம். நான்கு பேர் குழுவில் மூன்று மாதம் ஒருவரே உட்கார்ந்து சர்க்யூட்டை முடித்திருப்பார். நேர்காணலில் "நாங்க பண்ணோம் சார்" என்பார். அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் அந்த மதிப்பீட்டுத் தாளில் குழுவின் பெயரை எழுத இடமில்லை. யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள்: "நான்கு பேர் சார். வடிவமைப்பும் சோதனையும் நான். புரோகிராம் எழுதியது என் தோழி. மற்ற இருவர் அடித்தளமும் அறிக்கையும்." இதில் பெருமையடிப்பு எதுவும் இல்லை. மற்றவர்களுக்குரிய பங்கையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். தோழி எழுதிய புரோகிராம் உங்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று அடுத்து கேட்பார்கள், அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

தெரியாத கேள்வி

தெரியாததைக் கேட்பது வீழ்த்துவதற்காக இல்லை. உங்கள் அறிவின் எல்லை எங்கே என்று அவர் அளக்கிறார். எல்லை எல்லோருக்கும் உண்டு. எல்லையில் என்ன செய்கிறீர்கள் என்பதைக் கவனிப்பார். சுற்றிவளைத்துப் பேசினால் உடனே தெரிந்துவிடும். "தெரியாது சார்" என்று தலையைக் குனிந்துகொண்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தெரிந்த இடம்வரை நடந்துபோய் நில்லுங்கள். அதே பம்ப் கருவியில், பிஐடி கட்டுப்பாடு ஏன் வைக்கவில்லை என்று கேட்கிறார். நீங்கள் பிஐடி படித்ததில்லை. "பிஐடி எனக்குத் தெரியாது சார். எங்களுடையது ஆன், ஆஃப் மட்டும். முதலில் ஒரே வரம்பு வைத்தபோது பம்ப் நொடிக்கொருதரம் நின்று நின்று ஓடியது. அதனால் ஆன் ஆக ஒரு எண், ஆஃப் ஆக வேறொரு எண் என்று இரண்டு வரம்பு வைத்தோம்." கேட்ட கேள்விக்கு விடை இல்லை. ஆனால் அதே சிக்கலை வேறொரு வழியில் தீர்த்தவர் என்பது பதிவாகிவிட்டது. நல்ல பேனலாக இருந்தால் அவரே பிஐடியை இரண்டு வாக்கியத்தில் விளக்குவார். அப்போது கவனமாகக் கேட்டு, ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள்.

ஆங்கிலம்

ஆங்கிலம் தேவையில்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். வேலையில் தேவைப்படும், நேர்காணலிலும் தேவைப்படும். ஆனால் எவ்வளவு என்பதில்தான் நம் மாணவர்களின் கணக்கு தவறுகிறது. நீங்கள் சொல்வது எதிரே இருப்பவருக்குப் புரியவேண்டும். அவ்வளவுதான் வேண்டியது. இலக்கணம் சறுக்கினாலும், "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்று சொன்னாலும் யாரும் மதிப்பெண் பிடிப்பதில்லை. நீளமான வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு நடுவில் தொலைந்துபோவதுதான் கெடுக்கிறது. ஆறேழு சொல்லுக்குள் ஒரு வாக்கியத்தை முடியுங்கள். அடுத்ததைத் தொடங்குங்கள்.

முதலில் உங்கள் ப்ராஜெக்ட்டை வீட்டில் அம்மாவிடமோ பத்தாவது படிக்கும் தம்பியிடமோ தமிழில் விளக்குங்கள். அவர்கள் ஒரு கேள்வி கேட்கும் அளவுக்குப் புரிந்ததென்றால் உங்களுக்கே விஷயம் தெளிவாகிவிட்டது. பிறகு அதையே ஆங்கிலத்தில், வாய்விட்டு, கைப்பேசியில் பதிவுசெய்து பேசுங்கள். திக்கும் இடங்கள் தெரியும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து வினைச்சொற்கள்தான் கையில் இருக்காது. அளந்தோம், இணைத்தோம், ஒப்பிட்டோம், மாற்றினோம் போன்றவை. அவற்றை மட்டும் பழகிக்கொண்டால் பேச்சு ஓடத் தொடங்கும். எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும்.

அறையில் வார்த்தை வராத நேரத்தில் ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். "படம் போட்டுக் காட்டட்டுமா சார்?" என்று கேட்டால் மறுப்பவர் மிகக் குறைவு. சர்க்யூட்டோ, பாய்வு வரைபடமோ, குறுக்குவெட்டோ கண்முன் வந்துவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கும் இதே எளிமை போதும். ஊரும் கல்லூரியும் ஒரு வாக்கியம், துறையில் எது பிடிக்கும் என்று ஒரு வாக்கியம், மீதி நேரம் முழுக்க நீங்கள் செய்த ஒரு காரியம். உங்கள் பலம் இருக்கும் பக்கம் பேச்சைத் திருப்பும் வாய்ப்பு இது ஒன்றுதான். அப்பா என்ன செய்கிறார், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அதைச் செலவழித்துவிடாதீர்கள்.

எச்.ஆர். சுற்றும் நீங்கள் மறைக்கும் வேலையும்

எச்.ஆர். கேட்பவற்றில் பாதி, "ஒரு சிக்கலான நேரத்தில் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்" என்ற வகை. இதற்கு உலகெங்கும் சொல்லித்தரப்படும் 'ஸ்டார்' என்ற வரிசை 1974இல் டிடிஐ என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன. வரிசை நல்லதுதான். ஆனால் அதில் இட்டு நிரப்ப ஒரு உண்மைச் சம்பவம் வேண்டுமே என்று மாணவர்கள் தவிப்பார்கள். கல்லூரி சிம்போசியத்தில் மேடை அலங்காரம் செய்ததைச் சொல்வார்கள்.

ஆனால் அப்படிச் சொல்பவர், செமஸ்டர் விடுமுறையில் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நின்றவராக இருப்பார். அல்லது மாமாவின் மளிகைக் கடையில் கணக்குப் பார்த்தவர், கல்யாணங்களில் கேட்டரிங் பரிமாறியவர், அப்பாவோடு கட்டட வேலைக்குப் போனவர். அதை ரெஸ்யூமில் எழுதியிருக்க மாட்டார். கேட்டாலும் சொல்ல மாட்டார். கௌரவக் குறைவு என்று நினைக்கிறார்.

தயவுசெய்து அதைச் சொல்லுங்கள். செக்கிங் பிரிவில் ஒரு பண்டலில் அளவு லேபிள் மாறித் தைத்திருந்ததைப் பார்த்தீர்கள். அப்படியே விட்டால் லாட் முழுக்கத் திரும்பி வந்திருக்கும். லைன் சூப்பர்வைசரிடம் சொன்னீர்கள், அவர் முதலில் நம்பவில்லை, இரண்டு பண்டலைப் பிரித்துக் காட்டினீர்கள், நிறுத்திச் சரிசெய்தார்கள். நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு நான்கும் இதில் இருக்கின்றன. தரக் கட்டுப்பாடு, மேலே இருப்பவரிடம் ஆதாரத்தோடு பேசுவது, கெடுவுக்குள் வேலையை முடிப்பது என்று நிறுவனங்கள் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தர வேண்டியவை எல்லாம் இதற்குள்ளேயே கிடக்கின்றன. குளிர்பதன அறையில் வளர்ந்த பிள்ளையிடம் இந்தச் சம்பவம் இருக்காது. இரக்கத்துக்காகச் சொல்லும் தொனி மட்டும் வேண்டாம். குடும்பக் கஷ்டத்தை நீட்டாமல், செய்த வேலையை வேலையாகச் சொல்லுங்கள்.

அரியர் இருந்திருந்தால் கேட்பார்கள். எந்தப் பாடம், ஏன் போனது, எப்போது, எப்படி முடித்தீர்கள் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். பேப்பர் திருத்தியவர்மேல் பழி போடாதீர்கள். பலவீனம் என்ன என்றால், "எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன்" என்ற பதிலை ஆண்டுக்கணக்கில் கேட்டுச் சலித்திருப்பார்கள். உண்மையான ஒன்றையும், அதற்கு இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வெளியூர் போகத் தயாரா, இரவு ஷிப்ட் சரியா என்ற கேள்விகளுக்கு வீட்டில் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். அங்கே தலையாட்டிவிட்டு, ஆஃபர் வந்தபின் மறுத்தால், அடுத்த ஆண்டு உங்கள் கல்லூரிக்கு அந்த நிறுவனம் வர யோசிக்கும்.

"நீங்க ஏதாவது கேட்கணுமா?" என்று முடிவில் கேட்பார்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். சேர்ந்ததும் பயிற்சி எத்தனை மாதம், எந்தத் துறையில் போடுவார்கள் என்பதை எப்படி முடிவுசெய்கிறார்கள், பாண்டு உண்டா என்பன எல்லாம் நியாயமான கேள்விகள். சம்பளம் சிடிசி (நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) கணக்கில் சொல்லப்பட்டிருந்தால், அதில் நிறுவனம் செலுத்தும் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் சேர்ந்திருக்கிறதா, கையில் மாதம் எவ்வளவு வரும் என்று மரியாதையாகக் கேட்கலாம். அசல் சான்றிதழ்களைத் தங்களிடமே வைத்துக்கொள்வோம் என்றால் கல்லூரி பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் பேசாமல் கொடுக்காதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்கும் எவரிடமிருந்தும் விலகிவிடுங்கள்.

உடையில் செலவிட எதுவுமில்லை. துவைத்துத் தேய்த்த சட்டை அல்லது சுடிதார், சுத்தமான காலணி போதும். கோட்டு வாடகைக்கு எடுக்கவேண்டாம். நாற்காலியைக் காட்டும்வரை நின்றுவிட்டு உட்காருங்கள். அவர் கை நீட்டினால் கை கொடுங்கள், இல்லையென்றால் வணக்கம். ஆன்லைன் நேர்காணல் என்றால் வெளிச்சம் உங்கள் முகத்தின்மேல் விழும்படி, ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். காதில் ஒயர் உள்ள இயர்போன் நம்பகமானது. மின்சாரம் போனால் கைப்பேசியின் டேட்டாவில் இணையும்படி முன்பே ஒருமுறை செய்து பாருங்கள்.

அறையிலிருந்து வெளியே வந்ததும் நண்பர்கள் சூழ்ந்துகொண்டு என்ன கேட்டார்கள் என்பார்கள். சொல்லுங்கள். அன்று இரவுக்குள் கேட்ட கேள்விகளை வரிசையாக ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். மறுநாள் பாதி மறந்துவிடும். தடுமாறிய கேள்விகளுக்கு எதிரே விடையைத் தேடி எழுதுங்கள். அடுத்த நிறுவனம் சில நாளில் வரும். கேள்விகள் வேறு சொற்களில், ஆனால் பெரும்பாலும் அதே இடத்திலிருந்துதான் வரும். எங்கே தடுமாறினீர்களோ அந்தப் பாகத்தை ரெஸ்யூமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று அந்த வரியை எடுக்கவேண்டியிருக்கும், அல்லது லேபுக்குப் போய் அந்த இணைப்பை இன்னொரு தடவை செய்து பார்க்கவேண்டியிருக்கும்.